உலகின் கடைக்கோடி ரயில் நிலையங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உலகிலேயே வடக்கே உள்ள ரயில் நிலையம் எது? ஆளுக்கொரு பெயர் சொல்கிறார்களே?

ஒவ்வொருவரும் மனத்தில் ஒரு நிபந்தனையை வைத்துக்கொண்டு பதில் சொல்கிறார்கள். அந்த நிபந்தனையை வெளியே சொல்லாததால்தான் குழப்பம் வருகிறது.

இன்று ரயில் ஓடினால் போதும் என்றால் விடை கார்ஸ்கயா. ரஷ்யாவின் யமால் தீபகற்பத்தில், எரிவாயு வயல்களுக்காக காஸ்ப்ரோம் நிறுவனம் போட்ட 572 கி.மீ. பாதையின் கடைசி நிலையம் அது. 70 டிகிரி வடக்கையும் தாண்டியது. ஆனால் அது நிறுவனத்தின் சொந்தப் பாதை. ஊழியர்களும் சரக்கும்தான் போகலாம், பொதுமக்களுக்குச் சீட்டு கிடையாது.

யார் வேண்டுமானாலும் சீட்டு வாங்கி, தொலைதூர ரயிலில் போய் இறங்கக்கூடிய நிலையம் என்றால் முர்மான்ஸ்க், 68°58′ வடக்கு. ரஷ்யாவுக்கு வெளியே என்றால் நார்வேயின் நார்விக், 68°26′.

எப்போதோ ரயில் ஓடியிருந்தாலும் போதும் என்றால் இவை எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஆர்க்டிக் கடலில் உள்ள நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டத்துக்குப் போக வேண்டும். அங்குள்ள நீ-ஓலெசுண்டில் (78°55′) சுரங்க நிலக்கரியைத் துறைமுகத்துக்குக் கொண்டுவர ஒரு குட்டி ரயில் இருந்தது. சுரங்கம் மூடிப் பல பத்தாண்டுகள் ஆகின்றன. நீராவி எஞ்சின் மட்டும் சில பெட்டிகளோடு நினைவுச்சின்னமாக அங்கேயே நிற்கிறது.

அப்படியானால் எந்த நிபந்தனையை ஏற்றுக்கொள்வது?

எதை ஏற்றாலும் சரி, அதைச் சேர்த்தே சொல்ல வேண்டும். குறைந்தது நான்கு விஷயங்கள் தெரிய வேண்டும். இப்போது ரயில் வருகிறதா, நின்றுவிட்டதா? பயணிகளுக்கா, சரக்குக்கு மட்டுமா? கால அட்டவணைப்படி ஓடும் சேவையா, சுற்றுலா ரயிலா? நாட்டின் மற்ற பாதைகளோடு இணைந்ததா, தனித்துக் கிடப்பதா? இதில் ஒரு பதில் மாறினாலும் பெரும்பாலும் ஊரே மாறிவிடும்.

ஜப்பான் இதற்கு நல்ல பாடம். க்யூஷு தீவின் நிஷி-ஓயாமா நாட்டின் தென்கோடி நிலையமாகவும், தபிரா-ஹிராடோகுச்சி மேற்குக்கோடி நிலையமாகவும் பல காலம் பெயர் பெற்றிருந்தன. 2003 ஆகஸ்டில் ஒகினாவாவில் மோனோரயில் வந்ததும் இரண்டு பட்டமும் பறிபோயின. இப்போது தென்கோடி அகாமினே, மேற்குக்கோடி நாஹா விமான நிலையம். நிஷி-ஓயாமா இன்றைக்கும் ஜேஆர் (ஜப்பான் ரயில்வே) நிறுவனப் பாதைகளில் தென்கோடிதான்; மோனோரயிலைச் சேர்க்காவிட்டால் தபிரா-ஹிராடோகுச்சிதான் மேற்குக்கோடி. நிபந்தனையைச் சொல்லிவிட்டால் இரண்டு தரப்பும் உண்மையே.

பாதை முடிகிற நிலையம்தானே கடைக்கோடி நிலையம்?

இல்லை. பலர் வழுக்கி விழும் இடம் இது. பாதைகள் நேராகப் போய் முடிவதில்லை, கடைசியில் வளைந்து திரும்பும்.

ஸ்காட்லாந்தின் மேற்குக் கரைப் பாதை மலேக்கில் முடிகிறது. ஆனால் பிரிட்டன் தீவின் மேற்குக்கோடி நிலையம் அதற்குச் சற்று முன்னால் வரும் அரிசைக். பாதை அங்கே மேற்கே புடைத்து, மலேக்கை நெருங்கும்போது லேசாகக் கிழக்கே ஒதுங்குகிறது. ஜப்பானில் நெமுரோ பாதையும் அப்படித்தான். கடைசி நிலையமான நெமுரோவைவிட, அதற்கு முந்தைய ஹிகாஷி-நெமுரோ கிழக்கே இருந்தது. 2025 மார்ச்சில் ஹிகாஷி-நெமுரோ மூடப்பட்ட பிறகுதான் கிழக்குக்கோடிப் பட்டம் நெமுரோவுக்கு வந்தது. ஆகவே பழைய கையேட்டை நம்பிக் கிளம்ப வேண்டாம்.

இரண்டு நிலையங்களில் எது வடக்கே என்று நானே சரிபார்ப்பது எப்படி?

செயற்கைக்கோள் படத்தில் நிலையத்தைத் திறந்து, நடைமேடையின் நடுப்புள்ளியைக் குறித்துக்கொள்ளுங்கள். ஊரின் பெயர்ப்புள்ளியை எடுக்காதீர்கள். அது நகர மையத்தில் இருக்கும், நிலையத்திலிருந்து சில கிலோமீட்டர் தள்ளியும் இருக்கலாம். இரண்டு நிலையங்களுக்கும் ஒரே வரைபடத்தையும் ஒரே அளவு முறையையும் பயன்படுத்துங்கள்.

அதிகமாக நடக்கும் தவறு, நிமிடத்தை (டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு, ′ என்ற குறி) தசமமாக எழுதிவிடுவது. முர்மான்ஸ்க்கின் 68°58′ என்பது 68.58 டிகிரி அல்ல. 58-ஐ 60-ஆல் வகுத்தால் 0.967, ஆக 68.967 டிகிரி. இந்த ஒரு தவறு நிலையத்தை ஏறத்தாழ 43 கி.மீ. தெற்கே தள்ளிவிடும். அப்படியே கணக்கிட்டுப் பட்டியல் போட்டால் வரிசையே கலைந்துவிடும்.

அட்சரேகையில் ஒரு வினாடி (நிமிடத்தில் அறுபதில் ஒரு பங்கு) என்பது எங்கேயும் சுமார் 31 மீட்டர். தீர்க்கரேகையில் அப்படி இல்லை. ஒரு டிகிரி நிலநடுக்கோட்டில் 111 கி.மீ. என்றால், 69 டிகிரி வடக்கில் 40 கி.மீ.தான். நெருக்கமான போட்டிகளில் இது முக்கியம். நார்விக்கும் ஸ்வீடனின் வடகோடி நிலையமான வாஸ்யாரேவும் 68°26′-ஐ ஒட்டியே இருக்கின்றன. இங்கே டிகிரியோடு நிறுத்தினால் பயனில்லை, வினாடி வரை போக வேண்டும்.

யமாலில் நிலம் ஆண்டு முழுவதும் உறைந்துதானே கிடக்கிறது? தண்டவாளம் போட அது வசதிதானே?

உறைந்தே கிடந்தால் வசதிதான். அடியில் இருக்கும் மண் நிரந்தரமாக உறைந்தது, ஆனால் மேலடுக்கு ஒவ்வொரு கோடையிலும் இளகிச் சேறாகும். இயற்கையாக மேலே மூடியிருக்கும் பாசியும் புல்லும் போர்வை மாதிரி வெப்பத்தைத் தடுக்கின்றன. அந்தப் போர்வையைக் கிழித்து, தண்டவாளத்தைத் தாங்கும் மண்மேடான கரையைப் போட்டதும் வெப்பம் உள்ளே இறங்குகிறது. கரையோரம் தேங்கும் தண்ணீர் அதை இன்னும் வேகப்படுத்துகிறது. உள்ளிருக்கும் பனிக்கட்டி உருகினால் அது இருந்த இடம் காலியாகி, மண் அமுங்கும். எல்லா இடமும் ஒரே அளவு அமுங்கினாலும் சமாளிக்கலாம். பனி அதிகமுள்ள இடம் ஒரு அடி இறங்க, பக்கத்தில் பாறை அசையாமல் நிற்கும். தண்டவாளம் அலைபோல நெளிவது அப்படித்தான்.

அதனால் யமாலில் கரையைக் குளிர்காலத்தில், உறைந்த மணலைக் கொட்டி எழுப்பினார்கள். கோடையின் வெப்பம் உள்ளே போகாதபடி நடுவில் பாலிஸ்டைரீன் நுரைப் பலகைகளும், மணல் சரியாமலிருக்கத் துணிபோன்ற விரிப்பும் வைத்தார்கள். யூரிபேய் ஆற்றின் வெள்ளச் சமவெளியில் கரை போடவே முடியாது என்பதால் 3.9 கி.மீ. நீளப் பாலம் கட்டி 2009-இல் முடித்தார்கள். அதன் தூண்கள் உறைமண்ணுக்குள் ஆழமாக இறக்கப்பட்டு, அதோடு சேர்ந்து உறைந்து பிடித்துக்கொண்டிருக்கின்றன. கடைக்கோடிப் பாதைகளில் பொறியியல் வேலைக்காகவே ஒன்றைப் போற்ற வேண்டுமென்றால், அந்த இடம் இந்தப் பாலத்துக்குத்தான்.

நோரில்ஸ்க்கும் 69 டிகிரிக்கு மேலேதானே? அது ஏன் பட்டியலில் இல்லை?

சைபீரியாவின் நோரில்ஸ்க்கிலிருந்து துதின்கா துறைமுகத்துக்குப் போகும் பாதை ரஷ்யாவின் மற்றப் பாதைகளோடு இணையாதது. பயணிகள் ரயிலும் 1990-களின் இறுதியிலேயே நின்றுவிட்டது. இப்போது உலோகத் தொழிற்சாலைக்கான சரக்கு மட்டும் ஓடுகிறது. சரக்குப் பட்டியல் போட்டால் அதற்கு உயர்ந்த இடம் உண்டு. முர்மான்ஸ்க்கிலிருந்து வடமேற்கே நிகெல், பெச்செங்கா பக்கம் போகும் கிளையும் 69 டிகிரியைத் தாண்டுகிறது. முர்மான்ஸ்க் என்று சொல்லும்போதெல்லாம் ‘தொலைதூரப் பயணிகள் ரயில்’ என்ற சொற்களைச் சேர்ப்பது இதனால்தான்.

அவ்வளவு வடக்கே முர்மான்ஸ்க்குக்கு ஏன் ரயில் போட்டார்கள்?

கடல் உறையாததால். அட்லாண்டிக்கின் வெதுவெதுப்பான நீரோட்டம் அங்கே வரை எட்டுகிறது. முதல் உலகப்போரில் பால்டிக், கருங்கடல் வழிகள் அடைபட்டபோது ரஷ்யாவுக்குக் குளிர்காலத்திலும் திறந்திருக்கும் துறைமுகம் தேவைப்பட்டது. அவசரமாகப் பாதை போட்டார்கள், 1916-இல் நகரமே ரயிலோடு சேர்ந்து பிறந்தது.

படம் எடுக்கப் போகிறவர்கள் கவனிக்க: டிசம்பர் தொடக்கம் முதல் ஜனவரி இரண்டாம் வாரம் வரை அங்கே சூரியன் உதிக்காது. நண்பகலை ஒட்டிச் சில மணி நேரம் நீல வெளிச்சம் மட்டும் இருக்கும்.

நார்விக்குக்கு நார்வே ரயிலில் போகலாமா?

முடியாது. வரைபடத்தைப் பார்க்காமல் பயணத்திட்டம் போடுபவர்கள் சிக்கிக்கொள்ளும் இடம் இது. ஒஸ்லோவிலிருந்து வடக்கே வரும் பாதை 1962-இல் திறந்த போடோ நிலையத்தோடு (67°17′) நின்றுவிடுகிறது. நார்விக்கின் தண்டவாளம் கிழக்கே ஸ்வீடனின் கிருனாவோடு மட்டும் இணைந்தது.

ஸ்டாக்ஹோமிலிருந்து போனால் இரவு ரயிலில் கிட்டத்தட்ட 19 மணி நேரம், கிருனாவிலிருந்து 3 மணி நேரம். பல நாள் பயணத்துக்கான ரயில் பாஸ் வைத்திருந்தாலும் இரவு ரயிலுக்கு இருக்கையோ படுக்கையோ தனியே முன்பதிவு செய்தாக வேண்டும். நார்விக் நோக்கிப் போகும்போது வலப்பக்க ஜன்னலைப் பிடியுங்கள். எல்லைக்கு அருகில் 500 மீட்டருக்கும் மேலான உயரத்திலிருந்து ரயில் 40 கி.மீ.க்குள் கடல்மட்டத்துக்கு இறங்கும்போது ரோம்பாக் ஃபியோர்டு (மலைகளுக்கிடையே நீண்டு நுழையும் கடல்) அந்தப் பக்கம்தான் திறக்கும்.

போடோவிலிருந்து வர விரும்பினால் பேருந்துதான். ஃபவுஸ்கே வழியாக வரும் சாலையில் போக்னெஸ், ஸ்கார்பெர்கெட் இடையே படகில் கடக்க வேண்டும். கிட்டத்தட்ட முழுப் பகல் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பாதை 1902-03-இல் இரும்புத்தாதுக்காகப் பிறந்தது, இன்றும் தாதுவுக்குத்தான் முதலிடம். 68 பெட்டிகளும் 8,000 டன்னுக்கு மேல் எடையும் கொண்ட ரயில்கள் ஒற்றைப் பாதையில் இறங்குகின்றன. இறங்கும் ரயில் பிரேக் போடும்போது உண்டாகும் மின்சாரத்தைக் காலியாக ஏறும் ரயில் பயன்படுத்திக்கொள்கிறது. ஆனால் ஒரு பெட்டி தடம் புரண்டாலும் எல்லாமே நின்றுவிடும். 2023 டிசம்பரில் வாஸ்யாரே அருகே தாது ரயில் தடம் புரண்டு, சுமார் 15 கி.மீ. தண்டவாளம் நாசமானது. பாதை 2024 பிப்ரவரியில் திறந்து, சில நாளிலேயே மறுபடி ஒரு ரயில் தடம் புரண்டு மூடப்பட்டது. திரும்பும் விமானத்தை நார்விக் ரயிலோடு ஒரே நாளில் கோர்க்காதீர்கள்.

வட அமெரிக்காவில்?

அலாஸ்காவின் ஃபேர்பேங்க்ஸ், 64°51′. 1923-இல் முடிந்த இந்தப் பாதை சீவார்டிலிருந்து சுமார் 756 கி.மீ. வருகிறது. அமெரிக்காவின் மற்றப் பாதைகளோடு தண்டவாளத்தால் இணையவில்லை. சரக்குப் பெட்டிகளைத் தட்டைப் படகில் ஏற்றிக் கடல்வழியே கொண்டுவருகிறார்கள். கோடையில் தினமும் பயணிகள் ரயில் உண்டு. குளிர்காலத்தில் பெரும்பாலும் வார இறுதியில்தான்.

கனடாவின் சர்ச்சில் (58°46′) அட்சரேகையில் அவ்வளவு வடக்கு இல்லை, இருந்தாலும் அதைப் பற்றிக் கேட்காதவர் இல்லை. காரணம், அந்த ஊருக்குச் சாலையே கிடையாது. வின்னிபெக்கிலிருந்து சுமார் 1,700 கி.மீ., வாரம் இருமுறை, இரண்டு இரவுப் பயணம். 1929-இல் சதுப்பின் மீதும் உறைமண்ணின் மீதும் போட்ட பாதை. மேலே யமாலுக்குச் சொன்ன அமுங்கல் இங்கே ஆண்டுதோறும் நடக்கிறது, அதனால் வடபகுதியில் ரயில் ஊர்ந்துதான் போகும். பல மணி நேரத் தாமதம் அங்கே இயல்பு. 2017 மே வெள்ளத்தில் பாதை பல இடங்களில் அரித்துக்கொண்டு போனது. பயணிகள் ரயில் திரும்பி வந்தது 2018 டிசம்பரில். அதுவரை உணவும் பொருளும் விமானத்திலும் கப்பலிலும் வந்தன. அக்டோபர், நவம்பரில் போகிறவர்கள் நிலையத்தைவிட்டுத் தனியே கடற்கரைப் பக்கம் நடக்கவே கூடாது. கடல் உறைவதற்காகப் பனிக்கரடிகள் அங்கே காத்திருக்கும் பருவம் அது.

தென்கோடி நிலையம் எது?

அர்ஜென்டினாவின் உசுவாயாவில், ஊருக்கு மேற்கே 8 கி.மீ. தள்ளியிருக்கும் ‘உலகின் முடிவு’ நிலையமும் அதன் பாதையும். சுமார் 54°50′ தெற்கு. வடக்கே 70 டிகிரி தாண்டிப் போன கணக்கு தெற்கே ஏன் 55-ஐக்கூடத் தொடவில்லை என்று கேட்பார்கள். தெற்கே நிலமே இல்லை. தென் அமெரிக்காவின் நுனி 56 டிகிரியில் முடிந்துவிடுகிறது, அதற்கப்பால் அண்டார்டிகா வரை கடல்தான்.

இது சுற்றுலா ரயில் என்பதை மறக்கக் கூடாது. சரக்குப் பாதை வேண்டுமென்றால் ரியோ துர்பியோ நிலக்கரிப் பாதை, 51 டிகிரி தெற்கு, 750 மி.மீ. அகலம். பெரிய வலையமைப்பின் பகுதியாக இருக்கும் பாதை வேண்டுமென்றால் நியூசிலாந்தின் ப்ளஃப் துறைமுகம், 46°36′. அங்கும் சரக்கு மட்டுமே. பக்கத்து ஊரான இன்வர்கார்கில்லுக்கு வந்துகொண்டிருந்த ‘சதர்னர்’ பயணிகள் ரயில் 2002 பிப்ரவரியில் நின்றது.

உசுவாயா ரயிலில் என்ன எதிர்பார்க்கலாம்?

தண்டவாள அகலம் 500 மி.மீ.தான், முழங்கையிலிருந்து விரல்நுனி வரையிலான நீளத்தைவிடக் கொஞ்சம் அதிகம். பெட்டியில் நிமிர்ந்து நிற்க முடியாது. 7 கி.மீ. தூரத்தைச் சுமார் ஒரு மணி நேரத்தில் கடக்கும். நடுவே மக்கரேனா நிலையத்தில் கால் மணி நேரம் நிற்கும், அருவி வரை ஏறிப் பார்த்துவிட்டு வரலாம். பாதை தேசியப் பூங்காவுக்குள் முடிகிறது. பூங்கா நுழைவுக் கட்டணம் ரயில் கட்டணத்தில் சேராது, தனியே கட்ட வேண்டும். ஒருவழி ரயிலில் போய், பூங்காவில் நடந்துவிட்டு வேனில் திரும்புவது நேரத்தை நன்றாகப் பயன்படுத்தும் வழி.

இதன் முன்னோடி சிறைக்கைதிகளின் ரயில். உசுவாயா சிறைக்கு விறகும் மரமும் கொண்டுவரக் கைதிகளைக் காட்டுக்கு ஏற்றிச் சென்றது. அப்போது அகலம் 600 மி.மீ., நீளம் 25 கி.மீ. வரை. சிறை 1947-இல் மூடியது, ரயில் 1952-இல் நின்றது, இன்றைய வடிவத்தில் 1994-இல் திரும்பியது. ஜன்னல் வழியே வெட்டுண்ட அடிமரங்கள் தெரியும்; ஒன்று முழங்கால் உயரம், இன்னொன்று ஆளுயரம். கோடையில் தரையோடு வெட்டினார்கள், குளிர்காலத்தில் பனியின் மட்டத்துக்கு மேலே வெட்டினார்கள். அந்த உயர வேறுபாடு, எந்த மாதிரிக் குளிரில் அந்த மனிதர்கள் வேலை செய்தார்கள் என்பதன் அளவுகோல். அதைக் கவனித்துப் பாருங்கள்.

கிழக்குக்கோடியும் மேற்குக்கோடியும் எவை?

துருவம்போல இவற்றுக்கு இயற்கையான முடிவு கிடையாது. 180 டிகிரிக் கோட்டில் பூமியைப் பிரித்தால்தான் கேள்விக்கே பொருள் உண்டு.

அப்படிப் பிரித்தால் கிழக்கே ஃபிஜியின் வனுவா லெவு தீவு, லம்பாசா. 179 டிகிரி கிழக்கைத் தாண்டிய ஊர். இரண்டடி அகலக் கரும்பு ரயில்தான், பயணிகளுக்கு இல்லை. பயணிகள் ஏற முடிந்த இடம் வேண்டுமென்றால் நியூசிலாந்தின் கிஸ்பர்ன், 178 டிகிரி. அங்கே ஆர்வலர்கள் ஓட்டும் பழைய நீராவி ரயில், விமான நிலையத்தின் ஓடுபாதையையே குறுக்கே கடக்கிறது. கட்டுப்பாட்டுக் கோபுரம் அனுமதி தந்த பிறகுதான் எஞ்சின் நகரும். தெற்கே வைரோவாவை நோக்கிப் போகும் பாதை 2012 மார்ச் புயலில் சேதமடைந்தது. அடைபட்ட மதகுகளுக்குப் பின்னால் தேங்கிய நீர் கரையை உடைத்துக்கொண்டு போனது. கிஸ்பர்ன் அன்றிலிருந்து நாட்டின் வலையமைப்பிலிருந்து துண்டாகிவிட்டது.

மேற்கே, சுற்றுலா ரயில்களை விட்டுவிட்டால், ஹவாய். ஹொனலூலுவின் ஓட்டுநரில்லா ‘ஸ்கைலைன்’ மெட்ரோ 2023 ஜூன் 30-இல் திறந்தது. அதன் மேற்கு முனை 158 டிகிரி மேற்கை ஒட்டியது. மெட்ரோவை ரயிலாக ஏற்க மறுப்பவர்கள் அலாஸ்காவுக்கு (ஏறத்தாழ 150 டிகிரி) வர வேண்டும். எங்கள் கணக்கில் மெட்ரோவும் ரயில்தான்.

ஐரோப்பாவில் அயர்லாந்தின் ட்ரலீ, 9°42′ மேற்கு. 1960 வரை அதே நாட்டின் வலென்ஷியா துறைமுக நிலையம் இன்னும் மேற்கே இருந்தது. தீவுகளை விட்டுவிட்டால் போர்ச்சுகலின் கஸ்காய்ஸ். ஐஸ்லாந்துக்கு ரயில் கிடையாது என்பார்கள். 1913-இல் ரெய்க்யவிக் துறைமுகம் கட்டும்போது கல் சுமக்க ஒரு ரயில் ஓடியது, 1928-இல் நின்றது. அதில் ஓடிய இரண்டு எஞ்சின்களும் பத்திரமாக இருக்கின்றன.

கஸ்காய்ஸிலிருந்து கிழக்கே, யூரேசியப் பெருநிலத்தின் தண்டவாளம் ரஷ்யாவின் சோவெத்ஸ்கயா கவான் (140 டிகிரி கிழக்கு) வரை போகிறது. ஆனால் ஒரே பெட்டியில் போக முடியாது. தண்டவாள அகலம் 1668, 1435, 1520 மி.மீ. என்று மாறிக்கொண்டே இருக்கும்.

உயரத்தில் கடைக்கோடி?

2006-இல் திறந்த திபெத் பாதையின் தங்குலா, 5,068 மீட்டர். முன்பு இந்தப் பெருமை பெருவின் மத்திய ரயில்பாதைக்கு இருந்தது; அங்குள்ள டிக்லியோ 4,829 மீட்டர். தங்குலாவில் பயணிகள் இறங்க முடியாது, ஆளில்லா நிலையம். காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழப் பாதிதான், ஆகவே பெட்டிக்குள் ஆக்சிஜன் கலந்த காற்றைச் செலுத்துகிறார்கள். இருக்கைக்கு அருகே தனிக் குழாய் இணைப்பும் உண்டு.

இந்தப் பாதையிலும் உறைமண்தான் பெரும் சோதனை, சுமார் 550 கி.மீ. தூரத்துக்கு. ஓரத்தில் வரிசையாக நடப்பட்ட உலோகக் குழாய்கள் தெரியும். உள்ளே அம்மோனியா. குளிர்காலத்தில் மண்ணின் வெப்பத்தில் அது ஆவியாகி மேலே வந்து, வெளிக்குளிரில் திரவமாகிக் கீழே வடியும். அப்படி மண்ணின் சூட்டை வெளியே கொட்டும். கோடையில் மேலே சூடு அதிகம், அதனால் சுழற்சி தானாக நின்றுவிடும், வெப்பம் உள்ளே இறங்காது. மோட்டாரும் இல்லை, மின்சாரமும் இல்லை.

கிளம்பும் முன் எதைச் சரிபார்க்க வேண்டும்?

முதலில், அந்த நிலையம் இன்னும் திறந்திருக்கிறதா என்று ரயில் நிறுவனத்தின் நடப்பு அட்டவணையில் பாருங்கள். பிறகு, திரும்பும் ரயில் எப்போது என்று. கடைக்கோடியில் அடுத்த ரயில் மூன்று நாள் கழித்தும் இருக்கலாம், வந்த ரயிலே அரை மணியில் திரும்பிவிடவும் கூடும். தங்க இடம் இல்லாத நிறுத்தங்களும் உண்டு. குளிர்காலத்தில் கைபேசியின் பேட்டரி கடுங்குளிரில் சட்டென்று செத்துவிடும். மின்சீட்டின் அச்சுப்படி ஒன்றைக் கையில் வையுங்கள், கைபேசியைச் சட்டைக்குள் உடலோடு ஒட்டி வையுங்கள்.

பாதை முடியும் தடுப்புக்கட்டையைப் படமெடுக்க ஆசைப்பட்டுத் தண்டவாளத்தில் இறங்காதீர்கள். பாதையின் கடைசி சில நூறு மீட்டர் பெரும்பாலும் சரக்கு முற்றத்துக்குள்ளோ துறைமுக வேலிக்குள்ளோ இருக்கும். பனி படிந்த நாளில் பின்னோக்கி வரும் பெட்டிகளின் சத்தமும் கேட்காது. நடைமேடையின் நுனியிலிருந்து எடுங்கள்.